நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது

பிரிக்பீல்ட்ஸ்,
22 மே 1932

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை சாந்தமேரிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தயக்கங்களைப் பிறகு எழுதுகிறேன். இல்லாவிட்டால் அவையே தாள் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வாசகசாலைச் சங்கத்தில் ஜூலை 16, சனிக்கிழமை மாலை, ஒரு பிரெஞ்சு விழா நடத்தத் தீர்மானமாகியிருக்கிறது. பதினான்காம் தேதி அவர்களுடைய தேசிய நாள் என்பது காரைக்காலில் பிறந்த நமக்குத் தெரியும். இங்கே உள்ளவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நம் பழைய பங்குச் சாமியார் பிரான்சுக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் படங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் அல்லவா? தென் துருவத்துக்குப் போன பிரெஞ்சுக் கப்பலின் படங்கள். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் கொடுத்த பிரெஞ்சுப் பத்திரிகைகளைத் தமிழாக்கி ஒரு சொற்பொழிவாக எழுதி வைத்திருக்கிறேன். லாந்தர் விளக்கில் படங்களைச் சுவரில் காட்டியபடி அதை வாசிப்பதாக ஏற்பாடு.

அந்தக் கப்பல் பனிக்குள் அகப்பட்டு ஒரு குளிர்காலம் முழுவதும் நகராமல் நின்றது. சூரியனே வராத மாதங்கள். அதிலிருந்த விஞ்ஞானிகள் பகலில் காற்றையும் கடல் ஏற்றத்தையும் அளந்தார்கள். வேலை முடிந்ததும் கூடி உட்கார்ந்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். கேட்பதற்கு அவர்களைத் தவிர யாரும் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு உன் நினைவு வந்தது. அந்த இடத்தில் சொற்பொழிவை நிறுத்திவிட்டுப் பிரெஞ்சு இசை வாசிக்கப்பட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அது ஒன்பதாவது. அதோடு விழா முடிகிறது. மண்டபத்தில் ஒரு பியானோ இருக்கிறது. சுமாரான பியானோதான், ஆனால் கட்டைகள் எல்லாம் ஒலிக்கின்றன, நானே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். காரைக்காலில் மேர் அஞ்செல் என்ற கன்னிகாஸ்திரியிடம் நீ கற்றதை வந்து வாசிப்பாயா?

இனி தயக்கங்கள். என் தமிழ் போதுமா என்று தெரியவில்லை. பனி என்றால் நம்மவர்களுக்கு விடியற்காலைப் புல்லில் நிற்பது. கப்பலை நொறுக்கும் பனியை எப்படி விளங்கவைப்பது? ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கன்னையாதான் விளக்கை இயக்கப்போகிறவன். அவன் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். "ஐஸ் மலைன்னு சொல்லுங்கண்ணே. பாசார்ல மீன்காரன் கொட்டி வச்சிருக்கானே, அதுதான். இவ்ளோ ஐஸ் கிடக்கிற ஊர்ல மீனு கெடவே கெடாது லா" என்றான். அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். சரிதானா?

சங்கத் தலைவர் சபாபதி, செமினி என்ற ஊர்ப் பக்கத்திலுள்ள பிரெஞ்சு ரப்பர் தோட்டத்துத் துரையையும் அவர் மனைவியையும் அழைத்திருக்கிறார். ரப்பர் விலை இப்படி விழுந்து கிடக்கும் நாளில் விழா எதற்கு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நானும் அதை யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

உன் அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்

---

கிள்ளான்,
26 மே 1932

அண்ணனுக்கு,

வாசிக்கிறேன்.

தயக்கங்கள் தாளைப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்தீர்கள். பாதித் தாளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. போகட்டும். ரப்பர் விலை விழுந்தால் எல்லோரும் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஏதும் வந்திருக்கிறதா? உங்கள் கப்பல்காரர்கள் சூரியன் வந்த பிறகா பாடினார்கள்?

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. என் பெயர் நிரலில் அச்சாக வேண்டும். போன வருடம் இங்கே இந்துக் கோயில் திருநாளில் ஹார்மோனியம் வாசித்தேன். "வாத்தியம்: ஒரு கிறிஸ்தவ மாது" என்று அச்சடித்திருந்தார்கள். திருநாளுக்குச் செண்டை அடித்தவன் பெயர் இருந்தது, பந்தல் போட்டவன் பெயர் இருந்தது. அந்தத் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை. இந்த முறை "திருமதி சாந்தமேரி, கிள்ளான்" என்று இருக்க வேண்டும்.

நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் சீன முதலாளி தவுக்கே வீட்டில் மாலையில் ஒரு மணி நேரம் பியானோவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவர் மகள் தன் பாடத்தை விட்டுவிட்டு என் அருகில் உட்கார்ந்து கேட்கிறாள். விரல்கள் முன்போல் ஓடவில்லை. இடது கை சோம்பேறி. ஓட்டுகிறேன்.

பக்கத்து வீட்டு வீரம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஏங்க்கா, வெள்ளக்காரன் பாட்ட வெள்ளக்காரன் முன்னாலயே வாசிக்கப் போறீங்களாம். தப்பு வந்துச்சுன்னா?" என்றாள். "அவன் தமிழ் பேசும்போது நாம சிரிக்கிறோம்ல. அவனும் சிரிச்சிட்டுப் போகட்டுமே" என்றேன். "அதுவும் சரிதான். நம்ம கணக்கு எழுதற கிராணி பேசற தமிழுக்கே வயித்து வலியே வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐஸ் மலை நன்றாக இருக்கிறது. இனி அதை மாற்றாதீர்கள்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ்,
19 ஜூன் 1932

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

இதை எழுத மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதால் விஷயம் மாறிவிடவில்லை.

வியாழன் மாலை கமிட்டி கூடியது. நிரலை நான் வாசித்தேன். ஒன்பதாவதற்கு வந்தபோது தலைவர் கையை உயர்த்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் வார்த்தையில் எழுதினால் நான் மெழுகிவிட்டதாக நீ நினைப்பாய்.

"ஸ்டானிஸ்லாஸ், தொர பாரிஸ்ல கேட்டுப் பழகின காதுக்காரரு. அவரு முன்னால நம்ம வீட்டுப் பொம்பளைய ஏத்தி வச்சு வாசிக்கச் சொன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? சங்கத்துல கிராமபோன் இருக்கு. பாரிஸ்லயே பதிஞ்ச தட்டு வாங்கி வச்சிருக்கு. தப்பே வராது."

"தட்டுக்குக் கைதட்டவா மனுசன் வருவான்?" என்று விளக்குக்காரன் என்ற முறையில் வந்திருந்த கன்னையா கேட்டான். அவனுக்கு அங்கே பேச உரிமையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொருவர், மங்கலமான நிகழ்ச்சியில் வெள்ளைச் சேலையோடு ஒருவர் மேடை ஏறுவதைப் பற்றியும் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். குறிப்பு எடுக்கும் செயலாளர் நடுவில் பேசுவது வழக்கமில்லை. இதை எழுதும்போதே இது சாக்கு என்று எனக்குத் தெரிகிறது. ஒன்பதாவது இடத்தில் "கிராமபோன் இசை" என்று எழுதி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நீ அவசியம் வர வேண்டும். சங்க மண்டபத்தில் பெண்கள் உள்ளே உட்காரும் வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததே. கன்னையாவின் மனைவி தங்கமணியும் மற்றப் பெண்களும் வெளி வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அங்கிருந்து படம் நன்றாகத் தெரியும். நான் நின்று பார்த்துச் சோதித்தேன்.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

உன் அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்

---

கிள்ளான்,
21 ஜூன் 1932

அண்ணனுக்கு,

ஜன்னல் வழியாகத் தெரிகிறதா என்று நின்று பார்த்துச் சோதித்தீர்களாம். உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமோ?

ஐஸ் மலைகளுக்குள் கப்பலை ஓட்டிப் போனவர்களின் கதையைத் தமிழில் சொல்லப்போகிறவர், ஒரு கமிட்டி மேசையைத் தாண்டி வாயைத் திறக்க முடியவில்லை. சபாபதி சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அவரை எனக்குத் தெரியாது. வெள்ளைச் சேலை என்று சொன்னவர் மேலும் கோபம் இல்லை. அவர் வீட்டிலும் ஒரு நாள் அந்தச் சேலை காயும், அப்போது பேசட்டும். என் அண்ணன் என் பெயரைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தட்டின் பெயரை எழுதினார். அதுதான்.

தப்பே வராதாம். தட்டுக்குத் தப்பு வராதுதான். தட்டு வியர்க்காது, தட்டுக்கு வயதாகாது, ஒரே மெட்டை ஒரு மாதமாக விரல் வீங்க வீங்கப் பழகாது. உங்கள் கப்பலில் இருந்தவர்கள் தப்பில்லாமலா வாசித்தார்கள்? குளிரில் கை விறைத்துப்போனவர்கள்.

நேற்றும் தவுக்கே வீட்டுக்குப் போய்ப் பழகினேன். இன்றும் போவேன். யாருக்காக என்று கேட்காதீர்கள். வாசிக்கக் கூடாது என்று ஒரு கமிட்டி சொன்னதற்காக என் விரலை நான் நிறுத்த மாட்டேன்.

விழாவுக்கு வர மாட்டேன். வராந்தாவில் நிற்க எனக்குக் கால் வலி.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ்,
3 ஜூலை 1932

சேசு மரி சூசை துணை.

சாந்தமேரிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மீறுகிறேன்.

நேற்று அச்சகத்தில் பிழை திருத்தும் தாள் தயாராக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். போனேன். எட்டு வரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். "துருவ" என்பதில் ஓர் எழுத்து தலைகீழாக இருந்தது, திருத்தினேன். ஒன்பதாவதற்கு வந்தேன். "கிராமபோன் இசை." எழுத்துப் பிழை இல்லை. ஆனால் பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அதை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: "பியானோ: திருமதி சாந்தமேரி, கிள்ளான்."

அச்சுக்காரர் ஜெயராஜ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "தலைவருக்குத் தெரியுங்களா இது?"

"செயலாளர் நான்தான்" என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல என்று இருவருக்கும் தெரிந்தது. "அப்ப சரிங்க" என்று வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை வந்துவிட்டு, மாற்றிவிடலாம் என்று திரும்பினேன். அச்சகம் பூட்டியிருந்தது. இன்று பூசை முடிந்ததும் போனேன். ஞாயிறானாலும் அவசர வேலை என்று திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குத் துணிச்சல் காரணமா, வெட்கம் காரணமா என்று எனக்கே விளங்கவில்லை. எதுவானாலும் அச்சாகிவிட்டது.

அச்சான நிரல்களை நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன். விழா தொடங்கும்போது நானே விநியோகிப்பேன். அதற்கு முன் தலைவர் பார்க்க வழியில்லை. பார்த்த பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். யோசித்தால் சோறு இறங்கவில்லை.

பக்கவாசல் வழியாக வா. பியானோ மேடைத் திரைக்குப் பின்னால் இருக்கும்.

ஸ்டானிஸ்லாஸ்

---

கிள்ளான்,
5 ஜூலை 1932

அண்ணனுக்கு,

வருகிறேன். வெள்ளைச் சேலையில்தான் வருவேன். ஐஸ் படங்களுக்குப் பொருத்தம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

சோறு இறங்காவிட்டால் கஞ்சி குடியுங்கள். சொற்பொழிவாளர் மேடையில் மயங்கி விழுந்தால் அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள்.

சாந்தமேரி

---

கிள்ளான்,
17 ஜூலை 1932

அண்ணனுக்கு,

இன்று காலை வண்டியில் வந்து சேர்ந்தேன். நேற்று கூட்டம் கலைந்தபோது உங்களைத் தேடினேன். காணவில்லை. தலைவரோடு உள் அறையில் இருப்பதாகக் கன்னையா சொன்னார். இரவு தங்கமணி வீட்டில் படுக்கவைத்தார்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டதால் உங்களைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

நான் திரைக்குப் பின்னால் இருந்தவள். எனக்குக் கேட்டது பாதி. தெரிந்தது அதிலும் பாதி. தெரிந்ததை எழுதுகிறேன். மீதியை நீங்கள் எழுத வேண்டும்.

உங்கள் குரல் முதலில் நடுங்கியது. கோட்டுப் போட்டது போன்ற அந்தப் பறவைகளின் படம் வந்தபோது யாரோ "நம்ம ஹெட் கிளார்க் லா இது" என்றார்கள். கூட்டம் சிரித்து ஓயும்வரை நீங்கள் காத்திருந்தீர்கள். அதன் பிறகு குரல் நடுங்கவில்லை. பனி கப்பலின் பக்கங்களை அழுத்தும் சத்தத்தை நீங்கள் சொன்னபோது வராந்தாவில் ஒரு குழந்தை அழுதது. கப்பலில் நடந்த இசைக்கு வந்தீர்கள். "இனி ஒன்பதாவது" என்றீர்கள். நான் விரல்களைக் கட்டைமேல் வைத்தேன்.

அப்போது தலைவர் திரைக்குப் பின்னால் வந்தார். கையில் நிரல் கசங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. பியானோவைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மா, நேரமாயிடுச்சு. தொர கெளம்பணும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்." நான் பதில் சொல்வதற்குள் முன்புறம் கிராமபோன் ஓடத் தொடங்கியது. ராஜகீதம்.

ராஜகீதம் ஒலித்தால் எழுந்து நிற்க வேண்டும். நின்றேன். அது முடிந்தால் கூட்டமும் முடிந்தது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்தக் கூட்டத்திலும் எவரும் உட்கார்ந்ததில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிந்தது. பியானோவை மூடினேன். காலணிகளின் சத்தம், வெளியே மோட்டார் கிளம்பும் சத்தம் எல்லாம் கேட்டன. நான் அழவில்லை. நான் அழுததாகத் தங்கமணி சொல்லியிருப்பாள்; நம்பாதீர்கள்.

அதன் பிறகு சத்தம் நின்றுவிட்டது. நடந்துபோகும் கூட்டத்தின் சத்தம் அப்படிச் சட்டென்று நிற்காதே. திரையின் ஓரத்தில் கன்னையாவின் தலை மட்டும் வந்தது. "அக்கா, அண்ணே இன்னும் உக்காந்திருக்காரு. வாசிங்க."

வாசித்தேன். இரண்டாவது மெட்டில் இடது கை பிந்தியது. மூன்றாவது மெட்டு, மேர் அஞ்செல் என்னை வாசிக்கவே விட்டதில்லை, உனக்கு எட்டாது என்பார். எட்டியது. திரையை விலக்கியபோது துரை உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியில் தங்கமணி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசை ஓரத்தில் நீங்கள், மீதி முழுவதும் பெண்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள். அடக்கிச் சொல்ல வேண்டாம்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ்,
19 ஜூலை 1932

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

நான் செய்தது சிறிய காரியம். எழுதினால் பெரிதாகத் தெரிந்துவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது.

ராஜகீதம் ஒலித்தபோது எல்லோரையும் போல் நின்றேன். நிமிர்ந்தே நின்றேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அது முடிந்தது. தலைவர் துரையை வழியனுப்பக் குனிந்தார். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். என் கையில் நிரல் இருந்தது. ஒன்பதாவது இன்னும் நடக்கவில்லை.

உரக்கப் பேசலாம் என்று நினைத்தேன். பேச வராது என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கதவை மறிக்கலாம் என்றும் நினைத்தேன். அந்த வயது போய்விட்டது. ஆகவே உட்கார்ந்தேன். மேடைக்கு எதிரே, முன்வரிசை ஓரத்து நாற்காலியில், முழங்கால்மேல் நிரலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

துரையும் அவர் மனைவியும் போய்விட்டார்கள். அவர்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விழா முடிந்ததென்று சொன்னார்கள், போனார்கள். வாசலிலிருந்து திரும்பிய தலைவர் என்னைப் பார்த்தார்.

"ஸ்டானிஸ்லாஸ், எழுந்திரு. ராஜகீதம் ஆயிடுச்சு."

"கேட்டுதுங்க. நின்னேன்."

"பின்ன ஏன் உக்காந்திருக்க?"

"ஒன்பதாவது பாக்கி இருக்குங்க."

"யாருக்கு வாசிக்கப் போறா? தொரதான் போயிட்டாரே."

  எழுந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வராந்தா ஜன்னலிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது. "நாங்க இருக்கோம்ல."

அவள் கதவு வழியாக உள்ளே வந்து, காலியாக இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். இதற்கு முன் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். குழந்தைகளோடு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு ஆண்களில் பாதிப் பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் கதவருகில் நின்றபடியே கேட்டார்கள். தலைவரும் நின்றார். அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

உன் இடது கை பிந்தியதை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது மெட்டின்போது படங்கள் எல்லாம் முடிந்து சுவர் வெறும் வெளிச்சமாக இருந்தது. கன்னையா விளக்கை அணைக்க மறந்துவிட்டான். அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள் அறையில் என்ன நடந்தது என்று கேட்காதே. இன்று கமிட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அனுமதியில்லாமல் நிரலை மாற்றியதற்கும், ராஜகீதத்துக்குப் பின் கூட்டம் நடத்தியதற்கும், பெண்களை நாற்காலியில் உட்காரவைத்ததற்கும் நாம் இருவரும் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தவறினால் என் பெயர் நீக்கப்படும். அந்த வாசகசாலையைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். என் மாலைப் பொழுதெல்லாம் அங்கேதான். பத்திரிகை படிக்க எனக்கு வேறு இடம் கிடையாது.

என்ன செய்யலாம் என்று எழுது.

உன் அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்

---

கிள்ளான்,
22 ஜூலை 1932

அண்ணனுக்கு,

என் மன்னிப்புக் கடிதம் இதோடு இருக்கிறது. கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "இரண்டாவது மெட்டில் என் இடது கை பிந்தியது. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு எதற்கும் வருந்தவில்லை."

உங்களுடையதை நீங்கள் எழுதுங்கள். நான் இங்கே கிள்ளானில் இருப்பவள். எனக்கு வீறாப்புப் பேசுவது எளிது. அந்தத் தெருவில் தினமும் நடக்க வேண்டியவர் நீங்கள். போன மாதம் உங்களுக்குச் சுடச்சுட எழுதினேன். இந்த முறை அப்படி எழுத மாட்டேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அதை எந்தக் கமிட்டியும் எழுப்பிவிட முடியாது.

வீரம்மா முழுக்கதையையும் இரண்டு முறை கேட்டாள். "உங்கண்ணன பாத்தா பூனைக்குட்டி மாதிரி இருப்பாரே அக்கா" என்றாள். "பூனை உக்காந்துட்டா எழுப்பிப் பாரு" என்றேன்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ்,
14 ஆகஸ்ட் 1932

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

மன்னிப்புக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதலாவது ஒரு பக்கம் வந்தது. அதில் உண்மையில்லாத வரிகளை அடித்தேன், அரைப் பக்கமாயிற்று. மறுபடி படித்து அடித்தேன். கடைசியில் "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு" என்பது மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே, "நிரலில் இருந்தவை அனைத்தும் நடந்தன என்று தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, உன் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் என் பெயரை நீக்கிவிட்டார்கள். நீக்கல் கடிதத்தைக் கொண்டுவந்த கமிட்டி உறுப்பினர் விஜயன் வாசலில் நின்று, "நான் கைதூக்கலண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மாலையில் எங்கே போவதென்று தெரியாமல் சில நாள் ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன். அங்கே புகை அதிகம்.

போன திங்கட்கிழமை தங்கமணி நான்கு பெண்களோடு வீட்டுக்கு வந்தாள். "அந்தக் கப்பல் கதைய நாங்க முன்பாதி சரியா கேக்கல. ஜன்னல்ல ஒருத்தி தல மேல ஒருத்தி தல. திரும்பச் சொல்லணும்" என்றாள். மண்டபம் நமக்குக் கிடைக்காது என்றேன். "மண்டபம் என்னாத்துக்கு? குவார்ட்டர்ஸ் பின்னால மைதானம் இருக்கு. வேட்டி கட்டுனா படம் விழாதா?" என்றாள். பியானோ இல்லையே என்றேன். "அக்காகிட்ட பெட்டி இல்லியா?" என்றாள். உன் ஹார்மோனியத்தைச் சொல்கிறாள். நான் சொன்ன ஒவ்வொரு தடைக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. எனக்குத் தடைகள் தீர்ந்துபோயின. அப்படி என் வாழ்வில் நேர்ந்ததில்லை.

திறந்த வெளியில் கூட்டம் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நம் ஆள். "என்ன கூட்டம்?" என்றார். பிரெஞ்சு இசையும் தென் துருவ ஆராய்ச்சியும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யூனியன் கீனியன் ஒண்ணும் இல்லியே பெரியவரே?" என்றார். இல்லை என்றேன். "யார் பொறுப்பு? தலைவர் பேரு வேணும்."

என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் பெயர் வந்தது. குரல் எழும்பவில்லை; அவருக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றார். இரண்டாம் முறை சொன்னபோது தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொம்பளையா?"

"ஆமா."

"அவங்க என்ன செய்றாங்க?"

"பியானோ வாசிக்கிறாங்க" என்றேன். நீ யாருடைய மனைவி, யாருடைய விதவை என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் தாளை என்னிடமே தந்து, வீட்டில் நிரப்பி, வியாழனன்று அந்த அம்மாவையும் அழைத்துவரச் சொன்னார். பொறுப்பானவர் நேரில் கையெழுத்திட வேண்டுமாம்.

நேற்று நிரப்பினேன். கூட்டத்தின் தலைவர்: திருமதி சாந்தமேரி. தொழில்: சங்கீதம். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்று தெரியும். ஏதாவது கலகமானால் உன்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உன் வயதில் உனக்கு இது வேண்டுமா என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. எனக்குப் பயம் போய்விடவில்லை, மேரி. முன்னைப்போலவே இருக்கிறது. அதையும் கூடவே கூட்டிக்கொண்டு போகப் பழகுகிறேன்.

உனக்குச் சம்மதம் இல்லையென்றால் மாற்றிவிடலாம். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்

---

கிள்ளான்,
16 ஆகஸ்ட் 1932

அண்ணனுக்கு,

வியாழன் காலை வண்டியில் வருகிறேன்.

மை கொண்டுவருகிறேன்.

சாந்தமேரி